படகைக் கட்டிய படலம்

"அண்ணாச்சி, முத்துவடிவு தொங்குதா! ஓடி வாங்க!"

போனில் மாரிராஜ் போட்ட சத்தம் அடுப்படி வரைக்கும் கேட்டது. தோசைக் கரண்டியோடு எட்டிப் பார்த்தாள் முத்துவடிவு.

"நான் இங்கனதான நிக்கேன்? எவன்லே அவன், காலங்காத்தால என்னத் தொங்கவிடுதவன்?"

"நீ இல்லட்டி, படகு" என்றார் அவள் புருஷன் குத்தாலிங்கம், வாயிலிருந்த தோசையை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல்.

படகுக்குத் தன் பெயரை எழுதியபோது முத்துவடிவுக்குக் கொஞ்சம் வெட்கமும் நிறையப் பெருமையுமாகத்தான் இருந்தது. அதில் உள்ள தொல்லை பிறகுதான் புரிந்தது. 'முத்துவடிவுக்குப் பெயிண்ட் அடிக்கணும்', 'முத்துவடிவு ஒருபக்கமா சாயுதா', 'முத்துவடிவுக்கு அடியில பாசி புடிச்சுட்டு' என்று அக்கம்பக்கமெல்லாம் பேச்சு.

குத்தாலிங்கம் வடகரையில் தென்னந்தோப்புக்காரர். குற்றாலத்துக்குப் பக்கத்தில் நாரணமடைக் குளத்துப் படகுத்துறையைக் குத்தகைக்கு எடுத்து, மிதித்து ஓட்டுகிற அன்னப் படகுகளைச் சீசனுக்கு விட்டுக்கொண்டிருந்தார். தேங்காய் லோடோடு கொல்லத்துக்குப் போன ஒருநாள், துறைமுகத்தில் ஒரு சின்னப் பாய்மரப் படகு காற்றில் வழுக்கிக்கொண்டு போவதைப் பார்த்தார். பார்த்தவர் பார்த்தபடியே நின்றுவிட்டார். ஆரியங்காவுக் கணவாய் வழியாக ஆனி ஆடியில் வருகிற காற்று அவருடைய வாழையைச் சாய்த்திருக்கிறது. தகரக் கூரையைப் பறக்கவிட்டிருக்கிறது. தென்காசி பஸ் ஸ்டாண்டில் ஒருமுறை அவர் வேட்டியையே கொண்டுபோகப் பார்த்திருக்கிறது. இவ்வளவு காற்றையும் இத்தனை வருஷமாக வீணாக விட்டுவிட்டோமே என்று அவருக்கு ஆதங்கமாகிவிட்டது. படகை வாங்கினார். விற்றவரிடமே விடாமல் போய் ஓட்டவும் கற்றுக்கொண்டார்.

"இவிட வெள்ளம் கேறும், எறங்கும். அதனுசரிச்சு கயறு கெட்டணும் கேட்டோ" என்று அந்தக் கொல்லத்துக்காரர் சொன்னபோது மட்டும் சிரித்துவிட்டார்.

"அது கடலுக்கு, சேட்டா. எங்க குளத்துல என்ன ஏத்தம், என்ன எறக்கம்?"

சாரல் விழாவில் முத்துவடிவு பாய் விரித்துப் போகப்போகிறாள் என்று வடகரையிலும் அச்சன்புதூரிலும் அவர் சொல்லாத ஆள் பாக்கி இல்லை. விழா நாளைக்கு. ஆனால் ஆள் ஏற்ற வேண்டுமென்றால் தூத்துக்குடியிலிருந்து ஆபீசர் வந்து படகைப் பார்த்துப் பாஸ் பண்ண வேண்டும். ஆபீசர் வருவது இன்றைக்கு. பாஸ் ஆகாவிட்டால், "என்ன மாலுமி, கப்பல் எப்பம் கெளம்புது?" என்று இப்போதே கேட்கிற டீக்கடைக் கூட்டம் ஆயுசுக்கும் விடாது.

ஆபீசருக்கென்று வாங்கி வைத்திருந்த புரோட்டா, கோழி, சாம்பார் வாளி, இளநீர்க் குலை எல்லாவற்றையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு புருஷனும் பெண்டாட்டியும் குளத்துக்குப் பறந்தார்கள்.

முந்தின நாள் சாயங்காலம் தண்ணீர் மேல்படி வரைக்கும் தளும்பிக்கொண்டிருந்தது. முன்னால் ஒரு கயிறு, பின்னால் ஒரு கயிறு, இரண்டு கல்தூணிலும் இறுக்கிக் கட்டி, "யானை இழுத்தாலும் வராது" என்று சொல்லிவிட்டுத்தான் குத்தாலிங்கம் வீட்டுக்குப் போனார். யானை வரவில்லை. நீர்ப்பாய்ச்சி சுடலைக்கண்ணு வந்து, கார் நெல் நடவுக்காக மடையைத் திறந்துவிட்டுப் போயிருந்தார். குளம் இறங்கிவிட்டது. கயிறு இறங்கவில்லை. கசாப்புக் கடையில் வெள்ளாடு தொங்குவது போலப் படித்துறைச் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தாள் முத்துவடிவு.

"என் பேரு என்ன கோணலா தெரியுது?" என்றாள் அசல் முத்துவடிவு.

"நீ பேசாம இரு. ஏலே மாரிராஜ், கயித்த அவுத்துவிடு!"

படகுத்துறையில் வேலை பார்க்கிற மாரிராஜுக்கு நாற்பது வயது. சொன்ன வேலையை உடனே செய்வான். சொன்னதுக்கு மேல் ஒரு துளி யோசிக்க மாட்டான்.

"எந்தக் கயித்த?"

"ஏதாவது ஒண்ண!"

மாரிராஜ் முன்கயிற்றை அவிழ்த்தான். முன்பக்கம் சடாரென்று தண்ணீரில் இறங்க, பின்பக்கம் தூணில் நிற்க, படகு தலைகுப்புற நின்றது. உள்ளே இருந்த லைஃப் ஜாக்கெட்டுகள், துடுப்பு, மாரிராஜின் பொடி டப்பா எல்லாம் வரிசையாகக் குளத்தில் இறங்கின.

"இன்னொண்ணையும் அவுருலே, மூதி!"

அவிழ்த்தான். படகு பொத்தென்று விழுந்தது. கரையில் நின்ற அத்தனை பேரும் குளித்தார்கள்.

"பரவால்ல. இப்பம் தண்ணியிலதான கெடக்கு" என்று முகத்தைத் துடைத்துக்கொண்டார் குத்தாலிங்கம். "இனி நீளமா விட்டுக் கெட்டு. தண்ணி எவ்வளவு எறங்குனாலும் தொங்கக்கூடாது."

நீளமாக விட்டுக் கட்டினான். காற்று வந்தது. மேற்கே இருந்து கரையைத் தாண்டி வந்த காற்று, படகைத் தள்ளிக்கொண்டு போய், கயிறு தீர்ந்ததும் வலது பக்கம் ஒரு வீச்சு, இடது பக்கம் ஒரு வீச்சு வீசியது. வலது பக்கம் ஒன்றுமில்லை. இடது பக்கம் அன்னப் படகுகள் நின்றன. முதல் வீச்சில் ஓர் அன்னத்துக்குக் கழுத்து திரும்பியது. இரண்டாவது வீச்சில் இன்னொன்றுக்குத் தலையே போய்விட்டது. வெள்ளைத் தலை ஒன்று மஞ்சள் அலகோடு தனியாக மிதந்து போவதைப் பார்த்து, கரையில் வேனோடு நின்ற ஈரோட்டுக்காரர்கள் செல்போனைத் தூக்கினார்கள்.

அப்போதுதான் ஓர் அம்மாள் கரையையும் தண்ணீரையும் பார்த்துக்கொண்டே குளத்தங்கரை வழியாக நடந்து வந்தாள். சுடிதார், தலையில் தொப்பி, காலில் ஷூ, நாற்பது வயது இருக்கும்.

"வணக்கம். நான் படகைப் பார்க்க வந்திருக்கேன்."

பேச்சைக் கேட்டதுமே வெளியூர் என்று தெரிந்தது. 'ஈரோட்டு வேன்' என்று முடிவு கட்டினார் குத்தாலிங்கம்.

"இங்கன நிக்க எல்லாரும் படகப் பாக்கத்தாம்மா வந்திருக்காக. செத்த ஓரமா நில்லுங்க. ஆபீசர் வார நேரம்."

அவள் வாயைத் திறப்பதற்குள் ஜீப் வந்துவிட்டது.

ஜீப்பிலிருந்து இறங்கினவரைப் பார்த்ததும் குத்தாலிங்கத்துக்குக் கால் தானாகச் சேர்ந்துகொண்டது. வெள்ளைச் சட்டை, வெள்ளைப் பேண்ட், கறுப்புக் கண்ணாடி, முறுக்கின மீசை. ஆபீசர் என்று நெற்றியில் எழுதாததுதான் குறை.

"வணக்கம் சார்! வரணும் வரணும்!"

அவர் குளத்தைப் பார்த்தார். மிதந்துபோன தலையைப் பார்த்தார். "நெழலு எங்கன இருக்கு?" என்றார்.

நிழலுக்கென்றே பந்தல் போட்டிருந்தது. நடுவில் துண்டு விரித்த நாற்காலி. அவர் உட்கார்ந்ததும் முத்துவடிவு இளநீரை வெட்டிக் கையில் கொடுத்தாள்.

"சார்தான் பாத்து நல்லபடியா சொல்லணும்" என்று குழைந்தார் குத்தாலிங்கம்.

"நான் என்ன சொல்லதுக்கு இருக்கு?" என்று சிரித்துவிட்டு அவர் ஸ்ட்ராவில் வாய் வைத்தார்.

குத்தாலிங்கம் அந்தச் சிரிப்பை நம்பவில்லை. மனைவியைத் தள்ளி நிறுத்தி, "பாத்தியா, பிடி குடுக்கவே மாட்டங்கான். கண்டிப்பான ஆளு" என்றார்.

கறுப்புக் கண்ணாடிக்காரர் ஈயை விரட்டத் தலையை ஆட்டினார்.

"ஐயையோ, வேண்டாங்கான்! ஏலே மாரிராஜ், ஆடுதது சாருக்குப் பிடிக்கல. படகக் கிட்ட இழுத்துக் கட்டையா கெட்டு!"

"தண்ணி எறங்குனா மறுபடி தொங்குமே அண்ணாச்சி?"

"சுடலைக்கண்ணு அண்ணனுக்குப் போன போடு. மடைய அடைக்கச் சொல்லு."

மடை அடைபட்டது. படகு தூணோடு தூணாக ஒட்டி நின்றது. குத்தாலிங்கம் நிமிர்ந்து மூச்சு விட்டார். ஈரோட்டு அம்மாள் பக்கத்தில் வந்தாள்.

"இதில் எத்தனை பேர் ஏறலாம்?"

"டிக்கெட் குடுக்கும்போது சொல்லுவோம்மா."

"லைஃப் ஜாக்கெட் எல்லாருக்கும் இருக்கா?"

"அந்தா மெதக்குதுல்லா, அதெல்லாம் லைஃப் ஜாக்கெட்தான். வேணும்னா ஒண்ண எடுத்து மாட்டிக்கிடுங்க."

அவள் உண்மையிலேயே ஒன்றை எடுத்து, பட்டையை இழுத்துப் பார்த்து, மாட்டிக்கொண்டாள். பிறகு மலையைப் பார்த்து, "மேலே நல்ல மழை போலிருக்கே. தண்ணீர் ஏறுமே, கயிறு இவ்வளவு கட்டையாக இருக்கலாமா?" என்றாள்.

"ஒங்களுக்கு இது வெளங்காதும்மா" என்று அவர் சொல்லி வாயை மூடவில்லை. மலையில் பெய்தது கால்வாயில் செம்மண் நிறத்தில் வந்துகொண்டிருந்தது. அடைத்த மடை, வருகிற வெள்ளம். முதல் படி மூழ்கியது. இரண்டாவது படி மூழ்கியது. படகு ஏறப் பார்த்தது; கயிறு விடவில்லை. கட்டின பக்கம் கீழே இழுபட்டு, விளிம்பு வழியாகக் குளம் குளுகுளுவென்று உள்ளே புகுந்தது.

"முத்துவடிவு முங்குதா!" என்று கத்தினான் மாரிராஜ்.

"நீ முங்கு, நாசமாப் போவான்!" என்றபடியே முத்துவடிவு சாம்பாரைக் கரையோரம் கிடந்த காலி அண்டாவில் கவிழ்த்துவிட்டு வாளியை எறிந்தாள். குத்தாலிங்கம் படகில் குதித்துத் தண்ணீரை இறைத்தார். ஆள் போதவில்லை. பந்தலில் ஆபீசர் கோழிக்காலைக் கடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். அவரையா கூப்பிட முடியும்?

"ஏம்மா ஈரோடு, சும்மா நிக்கதுக்கு ஏறி ஒரு கை குடுங்க!"

அவள் தயங்கவே இல்லை, ஏறிவிட்டாள்.

"மாரிராஜ், ரெண்டு கயித்தையும் அவுருலே. இனிமே தூண்ல கெட்டாத! தூணுதான் வில்லங்கம்!"

"பின்ன எதுலக் கெட்ட?"

"தூணத் தவுர எதுல வேணும்னாலும் கெட்டு!"

மாரிராஜ் இரண்டையும் அவிழ்த்து, நீளமான கயிற்றை எடுத்துக்கொண்டு கரையில் ஏறினான். கைக்கு எட்டின முதல் பொருளில் கட்டினான். அது பந்தல் கால்.

கட்டிவிட்டு வந்தவன், இன்னும் உதவி செய்யலாமே என்று, படியில் நின்றபடியே பாய்மரத்தில் சுற்றிக் கிடந்த ஒரு கயிற்றைப் பிடித்து இழுத்தான். அது பாய் ஏற்றுகிற கயிறு.

வெள்ளைப் பாய் படபடவென்று அடித்து, ஒரே மூச்சில் விரிந்தது. ஆரியங்காவுக் காற்று இவ்வளவு நாளும் இதற்காகவே காத்திருந்தது போல வந்து அதில் விழுந்தது. படகு பாய்ந்தது. கயிறு விண்ணென்று விறைத்தது. பந்தல் ஒருதடவை கும்பிடுவது போலக் குனிந்தது; பிறகு மூங்கில், கீற்று, சீரியல் செட்டு, 'வருக வருக' பேனர் எல்லாம் சேர்ந்து கறுப்புக் கண்ணாடிக்காரர் மேல் படுத்துக்கொண்டது. கட்டியிருந்த கால் மட்டும் பிடுங்கிக்கொண்டு குளத்துக்குள் வந்தது.

"போச்சு! ஆபீசரக் கொன்னுட்டேன்!" என்று தலையில் கை வைத்தார் குத்தாலிங்கம்.

கீற்றுக்குள்ளிருந்து முதலில் இளநீரும், அப்புறம் அதைப் பிடித்த கையும், கடைசியில் மீசையும் வெளியே வந்தன. கண்ணாடி கழலவில்லை.

"முன்னாடி பாருங்க!" என்றாள் ஈரோட்டு அம்மாள். எதிர்க்கரைப் பாறை வேகமாக வந்துகொண்டிருந்தது. அவள் குனிந்து, மூங்கிலை இழுத்துவந்த கயிற்றின் முடிச்சை இரண்டே இழுப்பில் அவிழ்த்து விட்டாள். 'ஈரோட்டுத் தறிக்காரங்கல்லா, முடிச்சு நல்லாப் பழகியிருக்கும்' என்று அந்த நேரத்திலும் அவருக்கு ஓர் எண்ணம் ஓடியது.

"அண்ணா, இந்தப் படகை ஓட்டத் தெரியுமா, தெரியாதா?"

கேள்வி சுருக்கென்று தைத்தது. தெரியுமே! கொல்லத்தில் அலைக்கு நடுவிலேயே ஓட்டியவர்தானே அவர்? காலையிலிருந்து கட்டுவதையே நினைத்துக்கொண்டிருந்ததில் ஓட்டுவதை மறந்துபோயிருந்தார். குத்தாலிங்கம் வாளியைக் கீழே போட்டுவிட்டுச் சுக்கானில் உட்கார்ந்தார். வேட்டியை மடித்துக் கட்டினார்.

"தலையக் குனிங்கம்மா!"

சுக்கானைத் தள்ளினார். பாய் மறுபக்கம் சாய்ந்தது. பாறைக்குப் பக்கத்தில், கை நீட்டினால் தொடலாம் என்கிற இடத்தில், முத்துவடிவு இடுப்பை ஒடித்துத் திரும்பினாள். குளம் கிழிந்து இரண்டு பக்கமும் நுரைத்தது.

இனி எதிர்க்காற்று. நேராகக் கரைக்கு வர முடியாது. வடக்கே ஒரு வெட்டு, தெற்கே ஒரு வெட்டு, மறுபடி வடக்கே. வரப்பில் மாடு ஓட்டிப் போவது போல நெளிந்து நெளிந்து வந்தார். ஒவ்வொரு திருப்பத்துக்கும் ஈரோட்டு வேன்காரர்கள் விசில் அடித்தார்கள். அச்சன்புதூர் பஸ் நின்று, ஜன்னலெல்லாம் தலையாக இருந்தது. எந்தக் காற்று அவர் வாழையைச் சாய்த்ததோ, அதே காற்று இப்போது அவர் விரலுக்குக் கட்டுப்பட்டுக் கிடந்தது. அவருக்குக் கண்ணில் நீர் வந்தது. சாரலாகவும் இருக்கலாம்.

துறைக்கு நேராக வந்ததும் காற்றுக்கு முகத்தைக் காட்டினார். பாய் தளர்ந்தது. படகு தானாக வேகம் குறைந்து, படியை முத்தமிடுவது போலத் தொட்டு நின்றது.

கரையே கைதட்டியது. முத்துவடிவு, "யாத்தாடி, எம் புருசனா இது?" என்றாள்.

"இப்பம் எதுலக் கெட்டட்டும்?" என்றான் மாரிராஜ்.

கைதட்டல் நின்றுவிட்டது. நல்ல கேள்வி. கட்டையாகக் கட்டினால் தண்ணீர் இறங்கும்போது தொங்கும், ஏறும்போது முங்கும். நீளமாகக் கட்டினால் அன்னத்தைக் கொல்லும். குத்தாலிங்கம் படகில் நின்றபடியே தூணைப் பார்த்தார். தூணை ஒட்டி ஒரு காலித் தண்ணீர்க் கேன் மிதந்துகொண்டிருந்தது. காலையில் கீழ்ப்படியில் கிடந்தது. தண்ணீர் ஏற, அதுவும் தூணோடு உரசி உரசி மேலே வந்திருக்கிறது. அதற்கு யாரும் கயிறு கட்டவில்லை. அது தொங்கவும் இல்லை, முங்கவும் இல்லை.

"ஏலே, படகு இடிக்காம இருக்கப் படியோரம் மாட்டியிருக்க ஸ்கூட்டர் டயர்ல ரெண்டு கழட்டு. அந்த மாதிரி காலிக் கேன் ரெண்டு எடு. சீக்கிரம்!"

டயரைத் தூணின் உச்சி வழியாக வளையம் போலப் போட்டார். டயரில் மூடி இறுக்கின காலிக் கேனைக் கட்டினார். படகின் கயிற்றைத் தூணில் கட்டாமல் டயரில் கட்டினார். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. தண்ணீர் ஏறினால் கேன் ஏறும், கேனோடு டயர் ஏறும், டயரோடு படகு ஏறும்.

"எறங்குனா?" என்றாள் ஈரோட்டு அம்மாள், விடாமல்.

"எறங்கிப் பாத்துருவோம். சுடலைக்கண்ணு அண்ணே! மடையத் தொற!"

மடை திறந்தது. எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். அண்டாவிலிருந்த சாம்பாரை ஊற்றி, கரையில் நின்ற அத்தனை பேருக்கும் முத்துவடிவு புரோட்டா கொடுத்தாள். தின்று முடிவதற்குள் இரண்டு படி வெளியே தெரிந்தது. டயர் தூணில் வழுக்கி இறங்கியது. கேன் இறங்கியது. படகு துளிகூடச் சாயாமல், பல்லக்கு இறக்குவது போல இறங்கிக்கொண்டே போனது. காற்று தள்ளிப் பார்த்தது, நகரவில்லை.

"முத்துவடிவு எறங்குதா! அலுங்காம எறங்குதா பாருங்க!" என்று முதலில் கத்தினவள் முத்துவடிவேதான்.

விசிலும் கைதட்டலும் மலையில் மோதித் திரும்பின. டீக்கடைக் கூட்டத்திலிருந்து வேடிக்கை பார்க்க வந்திருந்த ஒருவர், "மாலுமின்னா மாலுமிதான்யா!" என்றார், இந்தத் தடவை கிண்டல் இல்லாமல். குத்தாலிங்கம் ஈர வேட்டியோடு படியேறி, தயாராக வைத்திருந்த பொன்னாடையை எடுத்து, கறுப்புக் கண்ணாடிக்காரருக்குப் போர்த்தினார்.

"எனக்கு எதுக்கு அண்ணாச்சி இதெல்லாம்?" என்று நெளிந்தார் அவர், மீசையிலிருந்த கீற்றுத் துணுக்கைத் தட்டிவிட்டுக்கொண்டே. "ஆனா நான் எத்தனையோ துறைக்குப் போயிருக்கேன். இப்பிடி ஒரு கெட்டு பாத்ததில்ல."

அது போதும். குத்தாலிங்கத்துக்கு மார்பு விரிந்து சட்டைப் பொத்தான் தெறிக்கும் போலிருந்தது. அந்தச் சந்தோஷத்தில் யாரையும் விட மனசில்லாமல், படியில் உட்கார்ந்து துப்பட்டாவைப் பிழிந்துகொண்டிருந்த ஈரோட்டு அம்மாளிடம் போனார்.

"நீங்களும் நல்லாத்தாம்மா ஒத்தாச செஞ்சிய. ஆரம்பத்துல தொணதொணன்னு கேள்வி கேட்டாலும், கெட்டிக்காரி. நாளைக்கு விழாவுக்கு வாங்க. ஒங்களுக்கு மட்டும் டிக்கெட் இல்லாம ஏத்துதேன்."

அவள் சிரித்தாள். "கண்டிப்பா வர்றேன் அண்ணா" என்றாள்.

பொன்னாடையைத் தோளில் சரிசெய்துகொண்டு பின்னாலேயே வந்து நின்ற கறுப்புக் கண்ணாடிக்காரர், அவளுக்கு முன்னால் பணிவாகக் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்:

"மேடம், பாஸ் பண்ணியாச்சுல்லா? அப்பம் நான் ஜீப்ப எடுத்துட்டு வந்திரட்டா?"